பிரிஸ்கா அத்தையின் கார்டில் என்ன எண்

என் அத்தையின் வலது மணிக்கட்டை உடைத்தவன் பெயர் செவேரோ சிஸ்நெரோஸ். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். ஐந்து மாதத்தில் ஒருவர்கூட அந்தப் பெயரையும் அந்த மணிக்கட்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது ஒன்றைத்தான்: பிரிஸ்காவுக்கு எந்த அளவுத் தோட்டா சரிப்படும்.

ஜனவரியில் நான் ஊர் திரும்பியபோது அவள் கைக்கட்டைப் பிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒன்பது வருஷம் கப்பல் சமையலறைகளிலும் தீவு விடுதிகளிலும் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தேன். நியூ மெக்சிகோவின் வடக்கு மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இரண்டு வாரம் இருந்துவிட்டுக் கிளம்புவதாகத்தான் உத்தேசம். அத்தை காபிக் கோப்பையை இடது கையால் தூக்கியதைப் பார்த்த பிறகு பெட்டியைப் பிரித்தேன்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தாள். கணவர் பெல்த்ரான் இறந்த வருஷம் ஊர்க்கூட்டத்தில் வாய்க்காலுக்கு நீராணிக்காரர் வேலைக்கு ஆள் தேடினார்கள். எந்த ஆணுக்கும் அந்த வேலை வேண்டாம். நாற்பத்திரண்டு விவசாயிகள், ஒரே ஒரு வாய்க்கால், யாருக்குத் தண்ணீர் எத்தனை மணி நேரம் என்று முறைவைத்து மதகைத் திறந்து மூடி, எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்கும் வேலை. அத்தை கையைத் தூக்கினாள். ஆறு வருஷமாக பெல்த்ரானின் கான்வாஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு அந்த வாய்க்கால் கரையில் தினமும் நடந்தாள். கடைசி வயல் எலுமூரியா அரகோன் கிழவியுடையது. அவளுக்குத் தொண்ணூற்றொரு வயது. அத்தை வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் அவள் வயலுக்கு முறைத் தண்ணீர் முழுசாகப் போய்ச் சேர்ந்ததில்லை. அத்தை வந்த முதல் கோடையிலேயே சேர்ந்தது.

சேர்ந்ததற்குக் காரணம், தலைமதகிலிருந்து ஒன்பதாவதாக இருக்கும் செவேரோவின் மதகை அத்தை நேரத்துக்கு மூடியதுதான்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அவன் முறை முடிந்தது. அவன் மதகைச் சங்கிலி போட்டுத் திறந்தபடியே பூட்டியிருந்தான். அத்தை சங்கிலியை வெட்டி எடுத்துச் சக்கரத்தைத் திருப்ப ஆரம்பித்தாள். அவன் வந்து, சக்கரத்தில் இருந்த அவள் கையின் மேல் தன் கையை வைத்து, எதிர்ப்பக்கம் திருப்பினான். தகடும் ஆறு திருகாணிகளும் வைத்துத்தான் அந்த எலும்பைச் சேர்க்க முடிந்தது. ஷெரீப் ஆபீஸிலிருந்து வந்த இளைஞர், சக்கரம் நழுவியதில் காயம் என்று எழுதிக்கொண்டார். காரில் ஏறும்போது, "ஒரு துப்பாக்கி வச்சிக்கங்க, அம்மா. நாங்க இங்க வந்து சேர நாப்பது நிமிஷம் ஆகும்" என்றாராம்.

ஊர் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. செவேரோவிடம் போய்ப் பேசுவது சங்கடம். துப்பாக்கியைப் பற்றிப் பேசுவது யாருக்கும் சங்கடமில்லை.

எல்லோரிலும் அதிகம் பேசியவர் என் அப்பா எல்ஃபேகோ. அத்தையின் தம்பி. செவேரோ என் ஞானத் தகப்பன். என்னைக் கோயில் ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்தியவன். அதனால் அவன் அப்பாவுக்குக் கொம்பாத்ரே, ஞானஸ்நானத்தால் உறவானவன். எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவர்களோடு சண்டை போடலாம், கொம்பாத்ரேயோடு போடக் கூடாது. கூடப்பிறப்பு கடவுள் கொடுத்தது, இது நாமே பலிபீடத்தின் முன்னால் நின்று ஏற்றுக்கொண்டது என்பார்கள். என் ஞானத் தகப்பனை அவன், இவன் என்று எழுதுகிறேன். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

"நாப்பத்தஞ்சுதான் வேணும் அக்கா" என்றார் அப்பா, அத்தை வீட்டு மேஜையில் பச்சை மிளகாய்க் குழம்பைத் தொட்டுத் தின்றுகொண்டே. "பெரிய தோட்டா. ஒரு அடி. விழுந்துருவான்."

"யாரு விழுவான்?" என்றாள் அத்தை.

"யாரா இருந்தாலும்."

"யாரா இருந்தாலும்னா? தபால்காரனா? சாமியாரா?"

"பேச்சுக்குச் சொல்றேன்."

"பேரைச் சொல்லிப் பேசு. வாய்க்குள்ள குழம்புதான இருக்கு, பூட்டு இல்லயே."

அப்பா ரொட்டியை இன்னொரு துண்டு பிய்த்தார்.

வெளியே தெரியும்படி இடுப்பில் மாட்டிக்கொள்ள எங்கள் மாநிலத்தில் லைசென்ஸ் வேண்டாம். மறைத்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். மாட்டிக்கொண்டு போய்விடேன் என்று நான்தான் கேட்டேன்.

"அதோட போயி எலுமூரியா அடுப்படில உக்காந்து காபி குடிக்கவா? அவளுக்கு நெஞ்சு நின்னுரும்" என்றாள். "தவிர எனக்கு உருப்படியா இருக்கறது ஒரு கை. தெரியற மாதிரி வச்சா எனக்கு முன்னால அவன் கைதான் அதுமேல போகும்."

அந்தச் சனிக்கிழமை மூன்று பேரும் டாரல் ஸ்ட்ரவுட் கடைக்குப் போனோம். மாட்டுத் தீவனம், முள்கம்பி, துப்பாக்கி எல்லாம் ஒரே கூரையின் கீழ். டாரல் அத்தையைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்து, "எதுக்காக வேணும்?" என்று கேட்டார்.

"நாய்ங்க" என்றார் அப்பா. "வாய்க்கா கரைல நாய்ங்க சாஸ்தி ஆயிருச்சு."

"நாய் இல்ல" என்றாள் அத்தை. "ஆளு. ஆறடி ரெண்டு அங்குலம், நூத்திப்பத்துக் கிலோ. இதோ நிக்கிறாளே, இவளுக்கு ஞானத் தகப்பன். உனக்கும் தெரியும் டாரல். போன மாசம்தான் உங்கிட்ட கம்பிச் சுருள் வாங்கிட்டுப் போனான்."

டாரல் கண்ணாடி மேஜையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு குனிந்து ஒரு சின்ன ரிவால்வரை எடுத்து வைத்தார். ஐந்து தோட்டா. பிடி மட்டும் ரோஸ் நிறம்.

"முப்பத்தெட்டு. லேடீஸ் எல்லாம் இதத்தான் விரும்பறாங்க. மேல்மூடிய இழுக்க வேண்டாம், மேகசின் மாட்ட வேண்டாம். வெயிட்டே தெரியாது."

"இது உதைக்காதா?" என்றாள் அத்தை.

"சின்னதுதானேம்மா. சின்னது எவ்வளவு உதைச்சுரும்?"

எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் செய்யும் தப்பு இது. பெண் என்றால் சின்னக் கை, சின்னக் கை என்றால் சின்னத் துப்பாக்கி. கனமான துப்பாக்கி உதையில் பாதியைத் தானே வாங்கிக்கொள்ளும். இறகு மாதிரி இருப்பது அவ்வளவையும் கைக்குத் தள்ளிவிடும். இது அவர்களுக்குத் தெரியாததல்ல. மான் வேட்டைக்கு இலேசான துப்பாக்கியோடு எவனும் போவதில்லை. மனைவிக்கு வாங்கும்போது மட்டும் மறந்துபோகும். அவள் ஒரு தடவை சுட்டுப் பார்ப்பாள், கை வலிக்கும், அலமாரிக்குள் போட்டுவிடுவாள். வாங்கிக் கொடுத்தவனுக்கு மட்டும் கடமை முடிந்த திருப்தி.

கடையின் பின்பக்கச் சுடுதளத்தில் அத்தை அதை ஒரு தடவை சுட்டாள். சத்தம் அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து மேஜைமேல் வைத்தாள்.

"டாரல், உன் பொண்டாட்டிகிட்ட இருக்கா இது?"

"இருக்கும்மா."

"எத்தன தடவ சுட்டிருக்கா?"

டாரல் யோசித்தார். "ஒரு தடவ."

"என்னயவிட புத்திசாலி. அவ வாயத் தொறந்து சொல்லல, அவ்வளவுதான்."

எதுவும் வாங்காமல் வந்தோம். வழியெல்லாம் அப்பா நாற்பத்தைந்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அப்பாவின் பேச்சில் ஒரு நியாயமும் இருந்தது, ஊரில் எல்லோரும் ஒத்துக்கொண்ட நியாயம். லைசென்ஸ் பரீட்சையில் எந்த அளவுத் தோட்டாவால் சுட்டுத் தேறுகிறோமோ, அந்த எண் கார்டில் ஏறும். அதையும் அதற்குக் கீழே உள்ளதையும் வைத்துக்கொள்ளலாம். மேலே போகக் கூடாது. அதனால் எல்லோரும் பரீட்சைக்கு யாரிடமாவது ஒரு நாற்பத்தைந்தை இரவல் வாங்கிக்கொண்டு போவார்கள். கார்டில் நாற்பத்தைந்து என்று ஏறிவிட்டால் அதற்குக் கீழே எதுவும் தடையில்லை. ஆண்கள் சந்தையில் பர்ஸைத் திறக்கும்போது அந்தக் கார்டு மேலே இருக்கும்படி வைத்திருப்பார்கள். முப்பத்தெட்டு என்று அச்சடித்த கார்டைத் வங்கி அட்டைக்குப் பின்னால் சொருகி வைத்திருந்த ஒருவரையும் எனக்குத் தெரியும்.

அத்தை ஒத்துக்கொண்டாள். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதுகிறவள் ஆவேன். அவளுக்கும் வீம்பு உண்டு. "நாப்பத்திரண்டு பேருக்குத் தண்ணி பிரிச்சு விடறவ கார்டுல அவங்களதவிட சின்ன நம்பர் இருந்தா நாளைக்கு என் பேச்ச எவன் கேப்பான்" என்றாள். அப்பாவின் நாற்பத்தைந்தை வாங்கிக்கொண்டாள்.

வகுப்பு நடத்தியவர் ருமால்டோ பாக்கா. ஓய்வுபெற்ற போலீஸ்காரர், முழங்கால் போனவர், எப்போதும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தே பேசுவார். இரண்டு நாள் சட்டம், எப்போது சுடக் கூடாது, இலக்குக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் ஏன் சுடக் கூடாது. மூன்றாம் நாள் பரீட்சை. மூன்று கஜத்திலும் ஏழு கஜத்திலுமாக இருபத்தைந்து குண்டு. பதினெட்டு உள்ளே விழ வேண்டும்.

நான் கதவருகே நின்று பார்த்தேன். முதல் ஐந்து நன்றாகப் போயிற்று. எட்டாவதில் துப்பாக்கியின் வாய் உதையில் மேலே போய் இறங்க மறுத்தது. பத்தாவதற்குப் பிறகு அவள் விசையை அழுத்துவதற்கு முன்னாலேயே தோள் சுருங்கியது. மேகசின் மாற்றி மேல்மூடியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். மணிக்கட்டால் இழுக்க முடியவில்லை. வயிற்றோடு அணைத்துக்கொண்டு இழுத்தாள். ருமால்டோ ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டார்.

பதினொன்று உள்ளே.

அறையில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். ஒருவன், "பரவால்ல பிரிஸ்கா, சத்தத்துலயே ஓடிருவான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். யார் ஓடுவான் என்று அந்த ஆறு பேருக்கும் தெரியும். அதில் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் ஆட்டுக்கறி சுட்டுத் தின்கிறவர்கள்.

இரண்டு நாள் அவளால் கரண்டி பிடிக்க முடியவில்லை. மணிக்கட்டு வீங்கி, தகட்டின் விளிம்பு தோலுக்கடியில் தெரிந்தது. மூன்றாம் நாள் ருமால்டோ வீட்டுக்கு என்னை ஓட்டச் சொன்னாள்.

"உன் அலமாரில எத்தன இருக்கு?" என்றாள் வாசலிலேயே.

"எதுக்கு?"

"கடைல இருக்கறவன் அவன் விக்க வேண்டியத சொல்றான். என் தம்பி அவன் பெருமைய சொல்றான். என் கையக் கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்."

ருமால்டோ தலையைச் சொறிந்துகொண்டார். "நம்பர் எதுவும் ஆளத் தள்ளாது பிரிஸ்கா. போய்ப் படற எடம்தான் தள்ளும். இத வகுப்புல சொன்னா எவனும் பணம் கட்ட மாட்டான்." ஐந்து துப்பாக்கிகளையும் ஒரு தோட்டாப் பையையும் வண்டியில் ஏற்றினார். தானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். "என் துப்பாக்கி போற எடத்துக்கு நானும் வருவேன்."

வறண்ட ஓடையில் மண்மேட்டின் அடியில் சாப்பாட்டுக் காகிதத் தட்டுகளை ஆணி அடித்து நிறுத்தினேன். அத்தை உடனே சுடவில்லை. நேரே பக்கத்திலிருந்த பழைய மதகுக்குப் போனாள். இப்போது யாரும் பயன்படுத்தாத மதகு, துருப்பிடித்த சக்கரம். அதை இருபது தடவை திருப்பினாள். திறந்து, மூடி, திறந்து. மூச்சு வாங்க வந்து முதல் துப்பாக்கியை எடுத்தாள்.

"இது என்ன கூத்து?" என்றார் ருமால்டோ.

"அவன் மதகு ஒன்பதாவது. எட்டு மதகு திருப்பிட்டுத்தான் நான் அங்க போய் நிப்பேன். உன் பரீட்சைக்கு வர்றவன் காபி குடிச்சிட்டு வர்றான்."

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் முன்னால் இருபது தடவை சக்கரம். ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு. மத்தியானம் முழுக்க அதுதான்.

இருபத்திரண்டு, உதையே இல்லை. ஐந்தில் நான்கு தட்டில் விழுந்தது. ஐந்தாவதில் வெறும் டிக் என்று சத்தம். தோட்டா வெடிக்கவில்லை. "இந்தச் சின்னதுங்க அப்பப்ப இப்பிடிச் செய்யும்" என்றார் ருமால்டோ. அத்தை அதைத் தள்ளி வைத்தாள். "வேணுங்கறப்ப வெடிக்காம போறதுக்கு என் தம்பி ஒருத்தன் போதும். இன்னொன்னு வேணாம்."

முப்பத்தெட்டு ரிவால்வரில் தட்டில் விழுந்தது இரண்டு. சின்ன ஒன்பது மில்லியில் மூன்று. சக்கரம் திருப்பிய கையால் மேல்மூடியை இழுக்கவே இரண்டு தடவை முயற்சி. பெரிய ஒன்பது மில்லியில் நான்கு, கையில் இதமாகக்கூட இருந்தது. ஆனால் மூடி அதே கெட்டி. "என்னோட பழைய பிரஷர் குக்கரவிட மோசம்" என்றாள்.

கடைசியில் முன்னூற்று எண்பது. எண்ணைக் கேட்டால் பெரிசு, ஆனால் முன்னால் ஒரு புள்ளி உண்டு; ஒன்பது மில்லியைவிட ஒரு படி சின்னத் தோட்டா. ஆனால் துப்பாக்கி சின்னதில்லை. கை நிறையப் பிடிக்கிற அளவு. வயதானவர்களுக்காகவே மூடியின் ஸ்பிரிங்கை இளக்கி வைத்துச் செய்தது. ருமால்டோ தன் மாமியாருக்கு வாங்கி, மாமியார் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தது. அத்தை இடது கையின் இரண்டு விரலால் மூடியை இழுத்தாள். ஐந்தும் தட்டில். மறுபடி இருபது தடவை சக்கரம், மறுபடி ஐந்து. அதுவும் தட்டில். மூன்றாவது தடவை ஒன்று மட்டும் ஓரம் போனது.

அவள் சிரிக்கவில்லை. தட்டைக் கழற்றி ஓட்டைகளை விரலால் தடவினாள்.

"யோசிச்சுக்க" என்றார் ருமால்டோ. "கார்டுல முன்னூத்தி எம்பதுன்னு ஏறிட்டா நாளைக்கு ஒன்பது மில்லி வேணும்னா மறுபடி என்கிட்ட பரீட்சை. ஊருல சிரிப்பாங்க. எலி அடிக்கற துப்பாக்கின்னு இதுக்குப் பேரு."

"சிரிச்சா சிரிக்கட்டும். எனக்கு நாலு கை இருந்தா நாலு நம்பர் எழுதிக்கலாம்."

மறுவாரம் இருபத்தைந்தில் இருபத்துமூன்று. அப்பா ஒரு வாரம் அத்தையோடு பேசவில்லை. அவருடைய நாற்பத்தைந்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்கிக்கொண்டு, "உன் இஷ்டம்" என்றார். தன் அக்காவின் கை உடைந்தபோது கோபப்படாத மனிதர், அவள் தன் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கோபப்பட்டார்.

மார்ச் மாதம் கார்டு தபாலில் வந்தது. எண் ஊர் முழுக்கத் தெரிந்துபோனது. வாய்க்கால் தூர்வாரும் நாளில் நாற்பது பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். அத்தை அளவுக் கோலால் ஆளுக்கு ஒரு துண்டு அளந்து விட்டுக்கொண்டே வந்தாள். செவேரோவின் முறை வந்தது.

"முன்னூத்தி எம்பதாமே" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "அதால என்னய சுட்டா, நான் சொறிஞ்சிட்டுப் போயிருவேன்."

நாற்பது பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வாய் முழுக்கச் சிரிக்கவில்லை, பாதிதான். அந்தப் பாதியை அத்தை பார்த்தாள்.

"உன் துண்டு இங்கருந்து அந்தக் கல்லு வரைக்கும்" என்றாள் செவேரோவிடம். "மத்தியானத்துக்குள்ள முடி." அடுத்த ஆளுக்கு அளக்கப் போனாள். அவ்வளவுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்து அந்தக் கோலை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தாள்.

பத்து நாள் கழித்து முதல் தண்ணீர் விட வேண்டும். வசந்தத்தின் முதல் தண்ணீர் எங்கள் வாய்க்காலில் கடைமடைக்குத்தான் போகும்; மேலே உள்ள எல்லோரும் மதகை மூடி வைக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு நான் வண்டியை ஓட்ட, அத்தை ஒவ்வொரு மதகாக இறங்கிப் பார்த்து, பாதி திறந்து கிடந்ததையெல்லாம் இறுக மூடினாள். எட்டு மதகு. கோட்டுக்குள் இடுப்பில் அந்தத் துப்பாக்கி. ஒன்பதாவது சங்கிலி போட்டு, திறந்தே பூட்டியிருந்தது. தண்ணீர் முழங்கால் ஆழம் அவன் வயலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.

"கட்டர எடுத்தா" என்றாள் என்னிடம்.

நான் சங்கிலியை வெட்டும்போது செவேரோவின் வண்டி எதிர்க்கரை வழியாக வந்து நின்றது. அவன் இறங்கினான். மறுபக்கக் கதவு திறந்து என் அப்பா இறங்கினார்.

சமாதானம் பண்ணி வைக்கத்தான் கூட வந்தேன் என்று பிற்பாடு சொன்னார். இருக்கலாம். நான் அப்போது பார்த்தது, என் அப்பா அந்த வண்டியில், அந்தச் சீட்டில், கையில் அவன் வீட்டுக் காபியோடு வந்து இறங்கியதைத்தான்.

செவேரோ கரையில் இறங்கி நடந்து வந்தான். வாய்க்காலின் அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் ஏழு கஜம்கூட இருக்காது. அப்பா அவனுக்கு நேர் பின்னால் வந்து நின்றார்.

"சங்கிலி என்னோடது" என்றான் செவேரோ.

"மதகு ஊரோடது" என்றாள் அத்தை. வலது கையைக் கோட்டுக்குள் விட்டாள். வெளியே எடுக்கவில்லை. "அங்கயே நில்லு. இன்னொரு அடி வச்சு என் கையத் தொடாத."

அவன் சிரித்தான். "சொறிஞ்சிக்க வேண்டியதுதான்" என்றான். ஆனால் நின்றான்.

"எல்ஃபேகோ" என்றாள் அத்தை. குரலை உயர்த்தவில்லை. "நீ அவனுக்குப் பின்னால நிக்கற. ருமால்டோ வகுப்புல சொல்லிக் குடுத்தான், பின்னால யாரு நிக்கறாங்கன்னு பாக்காம சுடக் கூடாதுன்னு. நான் பாத்துட்டேன். நீ நிக்கற. எங்க நிக்கறதுன்னு இப்பவே சொல்லிரு. எனக்கு நேரமில்ல, எலுமூரியாவுக்குத் தண்ணி போகணும்."

"அக்கா, இப்பிடியெல்லாம் பேசாத. எல்லாரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு."

"ஆறு திருகாணி இருக்கு எனக்குள்ள. அதுவும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான்."

அப்பா காபிக் கோப்பையைப் பார்த்தார். செவேரோ திரும்பிப் பார்க்காமலே, "நில்லுங்க கொம்பாத்ரே, அவ சுட மாட்டா" என்றான்.

அது தப்பான வாக்கியம். அப்பாவின் முகத்தில் நான் அதைப் பார்த்தேன். அவர் ஆறு மாதமாக என்ன அளவுத் தோட்டா என்று பேசிக்கொண்டே இருந்ததெல்லாம், அவள் ஒருநாள் அதைச் சுட வேண்டி வரும் என்பதை நினைக்காமல் இருக்கத்தான். இப்போது அது ஏழு கஜத்தில் நின்றது, அவர் குண்டு போகும் வழியில் நின்றார்.

கோப்பையை வண்டியின் முன்மூடியில் வைத்தார். பாலம் நூறு அடி தள்ளி இருந்தது. அதுவரை போகவில்லை. பூட்ஸோடு வாய்க்காலில் இறங்கினார். மார்ச் மாதத்துப் பனித்தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறியது. இந்தக் கரையில் கையை ஊன்றி ஏறி, எங்களுக்கு ஆறேழு அடி தள்ளி நின்றார். தரையைப் பார்த்தார்.

"கொம்பாத்ரே?" என்றான் செவேரோ.

அப்பா குனிந்து கால்சட்டை நுனியைப் பிழிந்தார்.

அத்தை கோட்டிலிருந்து கையை வெறுங்கையாக எடுத்து, இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினாள். கிறீச்சிட்டுக்கொண்டு மதகு இறங்கியது. யாரும் அவள் கையைத் தொடவில்லை. வயலுக்குப் போன தண்ணீர் நின்று, வாய்க்காலோடு கீழ்நோக்கித் திரும்பியது. செவேரோ அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். என்னைப் பார்த்து, "உங்க அத்தைக்குப் புத்தி சொல்லு மகளே" என்றான். வண்டியில் ஏறிக் கதவை அறைந்தான். வண்டி நகரும்போது அப்பாவின் கோப்பை முன்மூடியிலிருந்து விழுந்து உடைந்தது.

அத்தை தன் பூட்டை எடுத்து மதகில் மாட்டினாள். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் வண்டியில் ஏறினோம். அப்பா பின் கதவின் கைப்பிடியில் கை வைத்தார். நடுக்கத்தில் பல் அடித்துக்கொண்டிருந்தது.

"கைய எடு" என்றாள் அத்தை.

"அக்கா, நாலு மைல்."

"நான் ஆறு மாசமா தனியா நடக்கறேன். நாலு மைல்ல உனக்கு ஒண்ணும் ஆயிராது."

"நனைஞ்சிருக்கேன்."

"நடந்தா காஞ்சிரும். வழில அவன் வண்டிய நிறுத்தி ஏறிக்கச் சொல்லுவான். அப்ப என்ன செய்யறேன்னு யோசிச்சிக்கிட்டே நட."

என் பக்கம் திரும்பி, "எடு வண்டிய" என்றாள். எடுத்தேன். கண்ணாடியில் அப்பா சின்னதாகிக்கொண்டே வந்தார். நான் பிரேக்கில் கால் வைக்கவில்லை. அத்தை ஜன்னல் பக்கம் குனிந்து, தண்ணீர் எங்களுக்கு முன்னால் போகிறதா பின்னால் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.